இன்ஜினுக்கு ஐந்தரை லட்சம் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு லாரி உரிமையாளர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 41. 2021 டிசம்பரில் ஃபைனான்ஸில் ஆறு சக்கர பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) லாரி வாங்கினார். 2,84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அவரே ஓட்டுகிறார், அறுவடை நெருக்கடியில் மட்டும் மச்சான் மாற்றி ஓட்டுவார். கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குக்கும் நீடாமங்கலம் ரயிலடிக்கும் நெல் சிப்பம் ஏற்றுவதுதான் பிழைப்பு. இந்த வருடம் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, தஞ்சாவூரில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, வடுவூருக்கு அருகே ஹீட் விளக்கு எரிந்தது. ஓரங்கட்ட இடமில்லாமல் நான்கு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். வண்டி இழுவை இழந்து, புகை தள்ளி, நின்றுவிட்டது. கட்டி இழுத்துக்கொண்டு போய் கம்பெனி ஷோரூம் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஒன்பது நாள் கழித்து 5,61,680 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்தது. காரணம் கேட்டால், "ஆயில் நேரத்துக்கு மாத்தல, அதான் இன்ஜின் சீஸ்", அதாவது இறுகிப்போய்விட்டது, என்று வாயால் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடவில்லை என்றால் பிரித்த கூலி 18,000 ரூபாயும், நாளொன்றுக்கு 500 ரூபாய் நிறுத்தக் கட்டணமும் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் தெரிந்த மெக்கானிக் 2,90,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மாத டியூ 38,700. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. "கேஸ் போட்டால் வண்டி அங்கேயே கிடந்து துருப்பிடிக்கும், போடாவிட்டால் மனைவி நகையை வைக்க வேண்டும். என்ன செய்வது ஐயா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் மூன்றாம் பக்கத்தின் அடியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி கண்ணில் பட்டது: "அக்டோபரில்தான் இதே ஷோரூமில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றி 38,400 ரூபாய் கட்டினேன்." நான்கு பக்கத்தில் உங்களுக்கு மிகவும் உதவப்போவது இந்த ஒரு வரிதான். அதை நீங்கள் செலவுக் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாட்சியாகத் தெரிகிறது.

வாட்டர் பம்ப் பில்

இன்ஜினைக் குளிர வைக்கும் வேலையை மூன்று மாதத்துக்கு முன்பு செய்தவர்கள் இவர்கள். இப்போது அதே இன்ஜின் ஹீட்டாகி நின்றிருக்கிறது. இதனால் மட்டும் தவறு அவர்களுடையது என்று ஆகிவிடாது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்கள் பக்கம் கனமாக விழுகிறது. பழுதுக்குக் காரணம் யார் என்று சொல்ல வேண்டியவரே அந்தக் காரணமாகவும் இருக்கலாம் என்னும்போது, அவர் வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆயில் மாற்றாமல் கெட்ட இன்ஜினும் தண்ணீர் போய் ஹீட்டாகிக் கெட்ட இன்ஜினும் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஆயில் பற்றாமல் போனால் முதலில் அடி வாங்குவது பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கும், அதைத் தாங்கும் பேரிங்கும். பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு நிறம் தெரியும். தண்ணீர் போய் ஹீட்டானால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளையும், அதன் அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட் வெடிக்கும், பிஸ்டன் லைனரில் உரசிக் கோடு விழும், தண்ணீர் ஆயிலில் இறங்கி ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்துக்கு மாறும். ஆயிலில் தண்ணீர் கலந்தபின் பேரிங்கும் சேர்ந்து கெடலாம், அதனால் பேரிங்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தால் தெரிந்துவிடும். ஹோஸ் கிளிப் எந்த நிலையில் இருக்கிறது, பம்ப் ஷாஃப்ட் ஆடுகிறதா, தெர்மோஸ்டாட்டைச் சுடுநீரில் போட்டால் திறக்கிறதா என்பதையும் உங்கள் மெக்கானிக் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உங்கள் வண்டி பி.எஸ். 6 என்பதும் உங்களுக்குச் சாதகம். வண்டியின் இ.சி.யு.வில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், பழுதுக் குறிப்புகள் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டு அந்த ஃபால்ட் கோடுகளை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதே ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலானவை அழிந்துவிடும்.

நான்கு கிலோமீட்டர் ஓட்டியதை மறைக்க வேண்டாம். "இதை யாரிடமும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லிவிடுங்கள். தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டால் சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்கத் தண்ணீரே இருக்காது, ஹீட் முள் தாமதமாகவோ தவறாகவோ காட்டுவது உண்டு. நீங்கள் விளக்கைப் பார்த்தபோதே சேதம் தொடங்கியிருக்கலாம். உங்கள் பங்குக்கு ஒரு பகுதி நஷ்டத்தைக் கழித்தாலும் கழிப்பார்கள். ஆனால் நீங்கள் மறைத்தது பிறகு இ.சி.யு. அச்சில் வெளிவந்தால், சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எஸ்டிமேட் தாள்

எஸ்டிமேட் பில் இல்லை. அது அவர்கள் கேட்கும் விலை, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய படத்தில் உதிரிப் பாகம் 4,05,000, கூலி 71,000, இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 85,680 என்று இருக்கிறது. வரி சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கு 18 சதவீதம்தான்.

உள்ளே போய்ப் பார்ப்போம். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆறு, 1,26,000. டர்போ 58,000. இந்த இரண்டும் வரியோடு 2,17,120 ஆகிறது, மொத்தத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம். ஹீட்டாகி நின்ற வண்டிக்கு ஆறு இன்ஜெக்டரும் ஏன் புதிதாகப் போட வேண்டும்? கெட்டிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. சோதித்தார்களா, சோதனைத் தாள் எங்கே என்பதுதான் கேள்வி. இன்ஜெக்டரை பெஞ்சில் வைத்துத் தனித்தனியாகச் சோதிக்க முடியும். கிராங்க்கும் அப்படித்தான். புதியது போடச் சொல்கிறார்கள். அளவு எடுத்துப் பார்த்து, கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள் கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போட முடிந்தால் செலவு வெகுவாகக் குறையும். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே பார்ட் நம்பர், எண்ணிக்கை, விலை, 'ஏன் மாற்ற வேண்டும்', 'எடுத்த அளவு என்ன' என்று எழுதிக் கேளுங்கள். இப்படிக் கேட்ட மாத்திரத்தில் எஸ்டிமேட் குறைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து வாரண்டி. "வாரண்டி முடிந்துவிட்டது" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வண்டியோடு கொடுத்த வாரண்டிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். முழு வண்டிக்கு ஒரு காலம், இன்ஜின், கியர்பாக்ஸ் அடங்கிய டிரைவ்லைனுக்கு வேறொரு காலம் என்று இருக்கும். நம் நாட்டு லாரி நிறுவனங்கள் சில, பெரிய வண்டிகளின் டிரைவ்லைனுக்கு ஆறு ஆண்டு அல்லது ஆறு லட்சம் கி.மீ. வரை வாரண்டி கொடுத்திருக்கின்றன. உங்கள் மாடலுக்கு அப்படி இருந்தால் உங்களுக்கு இன்னும் காலமும் இருக்கிறது, கிலோமீட்டரும் இருக்கிறது. இரண்டு முறை மன்னார்குடியில் வெளியே ஆயில் மாற்றியதை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஆயில் டின் பில்லும் மெக்கானிக் சீட்டும் உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள், பத்திரமாக வையுங்கள். வெளியே ஆயில் மாற்றினார் என்பதோடு நிறுத்தாமல், அதனால்தான் இந்த இன்ஜின் போயிற்று என்றும் அவர்கள் காட்ட வேண்டும் என்று வாதாட நமக்கு இடம் இருக்கிறது. அக்டோபர் பில்லின் பின்பக்கத்தையும் பாருங்கள். மாற்றிய பாகத்துக்கென்று தனி வாரண்டி அச்சிட்டிருக்கும்.

வாரண்டி உண்மையிலேயே முடிந்திருந்தாலும் 'குட்வில்' என்று ஒரு வழி உண்டு. கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் நினைத்தால் உதிரிப் பாக விலையில் ஒரு பங்கைக் கம்பெனியே ஏற்கும். ஷோரூம் தானாக இதைச் சொல்லாது. எழுத்தில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

"லாரிக்காரனுக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது"

உங்களுக்கு இப்படிச் சொன்னவர் பாதி சரி. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் நுகர்வோர் சட்டத்தில் வராது. ஆனால் சுயதொழிலாகச் செய்து, பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் சொல்கிறது. 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் லாரியையே உதாரணமாகக் காட்டியது. தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவர் நுகர்வோர்தான். முழுக்க முழுக்க இன்னொருவர் ஓட்டுவதற்கென்று வாங்கிப் போட்டவர் அப்படி இல்லை. ஒன்றிரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் இந்த உரிமை போய்விடாது.

உங்களிடம் ஒரே வண்டி, ஓட்டுவதும் நீங்களே, மச்சான் ஓட்டுவது அறுவடைக்கு மட்டும். இதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். வண்டியும் அதற்குச் செய்த ரிப்பேரும் குடும்பம் பிழைக்கத்தான் என்று தெளிவாக வர வேண்டும். உங்கள் ஓட்டுநர் உரிமம், லோடு சீட்டுகளில் உங்கள் கையெழுத்து, இரண்டும் இதற்குச் சாட்சி.

வழக்குக்குத் திருச்சி, சென்னை என்று அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 2019 சட்டம் சொல்வதால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. அக்டோபர் வேலைக்குக் கொடுத்த 38,400 ரூபாயை அடிப்படையாக வைத்தால் அந்த வரம்புக்குள்தான் வருகிறீர்கள். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் போடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, ஆனால் புகார் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்குப் போகும். ஷோரூம் மேனேஜரின் பேச்சு பெரும்பாலும் அன்றைக்கே மாறும்.

காலம் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும். இந்த அறுவடைக்கு அந்தப் பணம் வராது.

வண்டி அங்கேயே கிடக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வழக்கா வண்டியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என நினைத்து நீங்கள் ராத்திரி தூங்காமல் இருப்பது தெரிகிறது. இரண்டும் ஒன்றாகப் போக முடியும். கெட்ட பாகமும் அதன் பதிவும் உங்கள் கையில் இருந்தால், வண்டி வடுவூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வழக்கு திருவாரூரில் நடக்கும்.

சில வருடங்களுக்கு முன்பு கும்பகோணம் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் வழக்கு விஷயமாக என்னிடம் வந்தார். இன்ஜின் வேலை முடித்து, பணம் கட்டி, வண்டியை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஷோரூம் மேல் தவறு என்று அவர் சொன்னது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. "பழைய பிஸ்டன் எங்கே?" என்று கேட்டேன். "அதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க" என்றார். கையில் படம் ஒன்றுகூட இல்லை. தோற்றோம். அந்த வழக்கு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் நாளைக்கே ஷோரூமுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இவ்வளவு போதும்: "என் வண்டியின் இன்ஜின் பழுதுக்கான காரணத்தை எழுத்தில் தரவும். ஃபால்ட் கோடு அச்சு, எடுத்த அளவுகள், இன்ஜெக்டர் சோதனைத் தாள் தரவும். அக்டோபரில் நீங்கள் மாற்றிய வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் உட்படக் கழற்றிய எந்தப் பாகத்தையும் அப்புறப்படுத்தக் கூடாது, என்னிடம் ஒப்படைக்கவும். நானும் என் மெக்கானிக்கும் வந்து பார்க்க நாள் குறிக்கவும்." மிரட்டல் வார்த்தை ஒன்றும் வேண்டாம். அந்தக் கடிதமே பிறகு உங்களுக்காகப் பேசும்.

போகும்போது மெக்கானிக்கோடு, முடிந்தால் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரையோ, உரிமம் பெற்ற வாகனச் சேத சர்வேயர் ஒருவரையோ கட்டணம் கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் எழுதித் தரும் ஒரு பக்க அறிக்கைக்கு நாளைக்குப் பெரிய மதிப்பு உண்டு. உள்ளே விட மறுத்தால் சண்டை போடாதீர்கள். மறுத்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள். ஆணையத்தில் மனுப் போட்டு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பிப் பார்வையிடச் சொல்லிக் கேட்கலாம்.

பணம் கட்டாமல் வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? செய்த வேலைக்கான கூலி வரும்வரை வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு இடம் தருகிறது. செய்யாத வேலைக்கு அந்த உரிமை இல்லை. பிரித்த கூலியை மறுப்பது கடினம், 18,000 அதிகம் என்று பேரம் பேசலாம். நாளுக்கு 500 என்பதை, வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் அச்சிட்டு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்கள் பிடி தளர்ந்ததுதான். எதுவானாலும் கட்டும்போது ரசீதில் "என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டினால், கையெழுத்துக்கு மேலே இதே வரியை எழுதாமல் போடாதீர்கள்.

எங்கே வேலை பார்ப்பது

டிரைவ்லைன் வாரண்டி உயிரோடு இருந்தால் ஷோரூமை விட்டு வெளியே எடுக்காதீர்கள். இல்லை என்று உறுதியானால், பதிவுகளை எடுத்து முடித்தபின் தஞ்சாவூர் மெக்கானிக்கிடம் கொடுப்பதே உங்கள் நிலைமைக்கு நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் 2,90,000 என்பதும் வாய்வார்த்தைதான். அதில் இன்ஜெக்டர் சேர்ந்திருக்கிறதா, கம்பெனி உதிரியா வேறா, எத்தனை மாதம் பொறுப்பு, எல்லாவற்றையும் அவரிடமும் எழுதி வாங்குங்கள். தெரிந்தவர் என்று கூச்சப்படாதீர்கள். பில் இல்லாமல் செய்தால் நாளைக்கு நஷ்டக் கணக்குக் காட்ட உங்களிடம் தாள் இருக்காது.

வேறு வண்டியின் பழைய இன்ஜினையோ பிளாக்கையோ மலிவாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். இன்ஜின் நம்பர் மாறும். ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். இல்லாவிட்டால் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றில் நிற்கும், விபத்தானால் இன்சூரன்ஸும் நிற்கும்.

இன்சூரன்ஸ் என்றதும் உங்கள் நண்பர் சொன்ன யோசனை நினைவுக்கு வருகிறது: மழைத் தண்ணீரில் மாட்டியது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது. வேண்டவே வேண்டாம். சாதாரணப் பாலிசியில் இயந்திரப் பழுதுக்கு இழப்பீடு இல்லை. பொய் சொல்லிக் கேட்டால் அது மோசடி. அந்த ஒரு பொய் ஷோரூமுக்கு எதிரான உங்கள் நல்ல வழக்கையும் சேர்த்து மூழ்கடித்துவிடும்.

டியூவை நிறுத்தாதீர்கள். வண்டி ஓடவில்லை என்பது கடன் கட்டாததற்குச் சட்டப்படி காரணம் ஆகாது. தவணையை மாற்றி அமைத்துத் தரச் சொல்லி, எஸ்டிமேட்டையும் சேர்த்து இப்போதே எழுதிக் கேளுங்கள். ஒருவேளை தாமதமானாலும், அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று 2007இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கடைசியாக நகை. இருக்கும் கடனோடு மேற்கொண்டு வாங்கச் சொல்லி ஷோரூமில் சொல்லும் டாப்-அப் கடனைவிடக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் உங்களுக்கு நல்லது. ஆனால் இன்றைக்கே போய் வைக்காதீர்கள். காரணம் எழுத்தில் வரட்டும், ஏரியா மேனேஜர் பதில் சொல்லட்டும், எந்த வேலை யாரிடம் என்று முடிவாகட்டும். அந்தத் தொகைக்கு மட்டும், ஐந்தரை லட்சத்துக்கு அல்ல, நகையை வையுங்கள். கடிதத்தை நாளைக் காலை தபாலில் சேருங்கள். ஷோரூமுக்குப் போகும்போது சுத்தமான அரை லிட்டர் பாட்டில் இரண்டு கையோடு கொண்டுபோய், ஒன்றில் இன்ஜின் ஆயிலும் இன்னொன்றில் ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் தண்ணீரும் பிடித்து, மூடி மேல் தாள் ஒட்டி, மேனேஜரின் கையெழுத்தைக் கேளுங்கள். அவர் போட மறுத்தால் உடன் வந்த இருவரும் போடட்டும். தேதியும் நேரமும் எழுத மறக்காதீர்கள்.